எஸ்.பி.பி. குரலிலிருந்து வெளியே வருவது எப்படி? பெரிய பாடகர்கள் எதைக் கேட்டு வளர்ந்தார்கள்?

இரண்டாவது மைக் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மெல்லிசைக் குழு ஒன்றில் பாடுகிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, அலுவலக ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். எனக்கு வருவது முக்கால்வாசி எஸ்.பி.பி. பாட்டுகள். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர்தான் எல்லாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லில் லேசாகச் சிரிக்கிறார், எங்கே குரலை அடியில் இறக்குகிறார் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால்கூட எழுந்திருக்க மாட்டேன்.

சமீபத்தில் ஒரு வரவேற்பில் பெரியவர் ஒருவர் மேடைக்கே வந்து, "கண்ணை மூடிக்கிட்டா பாலுவே பாடற மாதிரி இருக்குப்பா" என்றார். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அதே வாரம் நானே மெட்டுப் போட்ட பாட்டு ஒன்றை வீட்டில் பதிவு செய்து கேட்டேன். அதிலும் பாலு சார்தான் இருந்தார். சரணம் முடியும் இடத்தில் அவருடைய அந்தச் சின்னச் சிரிப்புகூட வந்து விழுந்திருந்தது. பாட்டோ அப்பா இறந்ததைப் பற்றியது.

கேள்வி இதுதான். பெரிய பாடகர்களுக்கும் இப்படி ஒருவர் தொண்டையில் உட்கார்ந்திருப்பாரா? அவர்கள் எதைக் கேட்டார்கள், எதைப் படித்தார்கள், எதைப் பார்த்தார்கள்? ஒரு இசைத்தட்டு, ஒரு புத்தகம், ஒரு படம் சொல்லுங்களேன்.

---

கீபோர்டுக்காரன்:

தலைவா, பாலு சாருக்கே ஒரு சாமி இருந்தது. முகமது ரஃபி. ரஃபி பேரைச் சொன்னாலே மனுஷன் குரல் மாறிவிடும், பேட்டிகளில் பார்த்திருப்பீர்கள். ஆனால் 1969-இல் அடிமைப் பெண்ணுக்காகப் பாடியதைக் கேளுங்கள். அதில் ரஃபியின் நாதம் துளி இல்லை. ரஃபியிடம் அவர் எடுத்துக்கொண்டது பாட்டுக்குள் நடிக்கும் தைரியத்தை என்று நினைக்கிறேன். நடிகருக்கு நடிகர் குரலை மாற்றியதும், காந்தி படத்தின் தெலுங்குப் பதிப்பில் பென் கிங்ஸ்லிக்கு டப்பிங் பேசியதும் அந்த வழியில் வந்தவைதான்.

இசைத்தட்டு என்றால் என் ஓட்டு இளையராஜா சாரின் 'ஹவ் டு நேம் இட்' (1986). தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கை வைத்த தட்டு. பாக்கின் வயலின் பார்டிட்டா (பல பகுதிகள் கொண்ட தனி வயலின் இசை) ஒன்றின் தொடக்கத்தை அப்படியே வாசிக்க விட்டு, பக்கத்தில் நம்மூர் ராகத்தை நடக்க விடுவார். தனக்குப் பிடித்தவரை ஒளித்து வைக்காமல் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசும் முறை அது. வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்காகவாவது கேளுங்கள்.

---

எழுபத்தெட்டு ஆர்பிஎம்:

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். ஹார்மோனியம் சொல்லிக்கொடுத்தே வயதான ஆள் நான், சுருக்கமாகப் பேச வராது.

டி.எம்.எஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1950-இல் வந்த கிருஷ்ண விஜயம்தான் அவருக்கு முதல் படம். அதில் அவர் பாடிய ராதே பாட்டைத் தேடிக் கேட்டுப் பாருங்கள். அசல் எம்.கே. தியாகராஜ பாகவதர். பாட்டின் அச்சே பாகவதர் 1937-இல் சிந்தாமணியில் பாடியது. மதுரையில் பாகவதர் பாட்டு கேட்காத தெரு இல்லாத காலத்தில் வளர்ந்த பையன் வேறு எப்படிப் பாடுவான்? பாகவதர் நடித்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த காலம் அது. அன்றைக்குப் பாட வந்த எல்லார் தொண்டையிலும் பாகவதர் குடியிருந்தார். பலபேரிடமிருந்து அவர் கடைசி வரை கிளம்பவே இல்லை. அவர்கள் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

டி.எம்.எஸ். மட்டும் எப்படி வெளியே வந்தார்? நான்கே வருஷம் கழித்து, 1954-இல், தூக்குத் தூக்கி. சிவாஜிக்குப் பாட வேண்டும். சிவாஜிக்கோ சி.எஸ். ஜெயராமன் குரல்தான் பொருத்தம் என்ற எண்ணம். பராசக்தியில் பாடியவர் அவர்தானே. டி.எம்.எஸ். சிவாஜி பேசுவதைக் கவனித்து, அந்தப் பேச்சின் அடிக்குரலிலிருந்து பாட்டை எடுத்தார். அதே வருஷம் மலைக்கள்ளனில் எம்.ஜி.ஆருக்கு. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், பாகவதரைக் காணோம். தூக்குத் தூக்கிக்கு இசை யார் தெரியுமா? பாகவதர் படங்களில் இசைக்குழுவை நடத்திய அதே ஜி. ராமநாதன். பழைய கடவுளுக்குப் பூஜை செய்த அதே கை புதுக் குரலை வெளியே இழுத்தது. வெளியே வர உட்கார்ந்து யோசித்தால் போதாது. குரலிடம் இதுவரை யாரும் கேட்காத வேலையை ஒருவர் கேட்க வேண்டும்.

அடுத்து, யாரைக் கேட்பது? என் கட்சி இது: பிடித்த பாடகரையே கேட்டுக்கொண்டிருந்தால் அவரிடமிருந்து நகரவே முடியாது. தொண்டையே இல்லாத ஒன்றைக் கேளுங்கள். கர்நாடக சங்கீதப் பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்துக்கு மூத்த வித்வான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மேல் அளவில்லாத மரியாதை. ஆனால் ஜி.என்.பி. பாட்டில் அந்த மின்னல் பிருகா, அதாவது ஸ்வரங்கள் வேகமாக உருண்டு ஓடுவது, எங்கிருந்து வந்தது? நாதஸ்வரம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அந்தத் தலைமுறைப் பாடகர்களில் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேட்டுக் கிறுகிறுத்துப் போகாதவர் யாருமில்லை. நாதஸ்வரத்தைப் பாடகர் காப்பி அடிக்கவே முடியாது என்பதுதான் இதில் லாபம். நாதஸ்வரத்தின் வாயில் வைத்து ஊதும் அந்தச் சீவாளி உங்களிடம் இல்லை, அந்த மூச்சு உங்களிடம் இல்லை. என்ன முயன்றாலும் உங்கள் தொண்டை எதைச் செய்யுமோ அதுதான் வெளியே வரும். ஜி.என்.பிக்கு வந்தது ஜி.என்.பி. பாணி.

வேடிக்கை என்னவென்றால் பிள்ளையும் முதலில் வாய்ப்பாட்டு கற்றவர். வாய் குழலுக்குப் போயிற்று, குழல் திரும்ப வாய்க்கு வந்தது. கடன் வாங்கியதற்குக் கணக்குப் பார்க்க முடியாது.

எம்.எஸ். அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அம்மா ஷண்முகவடிவின் வீணை. பிற்காலத்தில் காசி சித்தேஸ்வரி தேவியிடம் தும்ரி என்ற இந்துஸ்தானி பாட்டு வகையைக் கற்றார். அத்தனை புகழுக்கும் மேலே நின்றுகொண்டு, வேறு மொழி, வேறு முறைப் பாட்டுக்கு மாணவியாக உட்கார்ந்தார். நம் ஆட்கள் நாலு கச்சேரி செய்ததும் காதை மூடிக்கொள்கிறார்கள். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் ரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன்.

படம்: தில்லானா மோகனாம்பாள் (1968). கதைக்காக இல்லை. மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த இடங்களை மட்டும், திரையைப் பார்க்காமல் கேளுங்கள். ஒரு கார்வையில், அதாவது ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் இடத்தில், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எந்த இடத்தில் விடுகிறார்கள். சிவாஜி முகத்தைப் பார்த்தால் கவனம் சிதறும்.

---

கோரஸ் அக்கா:

பெரியவர் சொன்னது எல்லாம் சரி. ஆனா அவருக்கு மேடைக் கஷ்டம் தெரியாது. தம்பி, நீ பாலு சார் மாதிரிப் பாடினாத்தான் உன்னை அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவாங்க. வரவேற்புக்கு வந்தவங்க உன் சொந்தக் குரலைக் கேக்க வரலை. மேடையில அவரா இரு. அதுல ஒரு அவமானமும் இல்லை, அது வேலை. வீட்டுக்கு வந்ததும் கழட்டி வைக்கத் தெரியணும், அவ்வளவுதான்.

நான் இருபது வருஷத்துக்கு மேல ஜானகி அம்மா பாட்டைப் பாடித்தான் பொழைக்கறேன். கழட்டி வைக்க எனக்குக் கிடைச்ச வழி ஆம்பளைப் பாட்டு. ஜெயச்சந்திரன் பாட்டை என் சுருதியில மாத்திப் பாடுவேன். ஜானகி அம்மா செய்யற எந்த வித்தையும் அதுல உதவாது. நீயும் அப்படிச் செய். சுசீலா அம்மா பாட்டு பத்து எடு, டிராக் இல்லாம தம்பூரா மட்டும் வைச்சு உன் கட்டையில பாடு. ஜெயச்சந்திரனுக்கே சுசீலா அம்மா மேல அப்படி ஒரு பக்தி. எந்தப் பேட்டியிலும் அவங்க பேரைச் சொல்லாம விட்டதில்லை. ஒரு ஆணுக்கு இலட்சியக் குரல் ஒரு பெண்ணோட குரல். காப்பி அடிக்க வழியே இல்லை பாருங்க. அவங்ககிட்ட இருந்து அவர் எடுத்தது சொல் சுத்தம். வைதேகி காத்திருந்தாள் (1984) பாட்டைக் கேட்டா ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா காதுல விழும், ஆனா உதிராது.

நாதஸ்வரம் பத்திப் பெரியவர் சொன்னதுக்கு நான் ஒண்ணு சேக்கறேன். கொஞ்சும் சலங்கையில (1962) காருகுறிச்சி அருணாசலத்தோட நாதஸ்வரத்துக்கு ஈடு குடுத்து ஜானகி அம்மா பாடின ஆபேரி ராகப் பாட்டு. முதல்ல அந்தப் பாட்டுக்குக் கேட்டது பி. லீலாவை. அவங்கதான் இந்தப் பொண்ணு பாடுவா-ன்னு கையைக் காட்டினாங்க. காருகுறிச்சி யாரு? ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யர். ஜானகி அம்மாவுக்கும் சின்ன வயசுல பாடம் சொல்லிக்குடுத்தவர் ஒரு நாதஸ்வர வித்வான்தான். அந்த ஸ்வரங்களை நான் மேடையில பாடறப்ப எல்லாம் கீபோர்டுல நாதஸ்வரம் வாசிக்கறான் எங்க பையன். அதைக் கேட்டா பெரியவருக்கு என்ன ஆகும்னு சொல்ல மாட்டேன்.

உன் அப்பா பாட்டுல அந்தச் சிரிப்பு வந்ததைப் பத்திக் கவலைப்படாதே. வரிகளை முதல்ல பேசிப் பாரு. மெட்டு வேண்டாம். அப்பாகிட்டப் பேசற மாதிரி. எந்தச் சொல்லுல குரல் தானா இறங்குதோ அங்கதான் பாட்டுலயும் இறங்கணும்.

---

கீபோர்டுக்காரன்:

அக்கா, அந்த நாதஸ்வர டோனைப் பற்றி மட்டும் பேசாதீர்கள், நாங்களும் மனுஷர்கள்தான்.

---

இரண்டாவது மைக்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி வரிகளைப் பேசிப் பார்த்தேன். இரண்டாவது சரணத்தில் மெட்டே தப்பான இடத்தில் மேலே ஏறுகிறது என்று தெரிந்தது. மாற்றப் போகிறேன். கிருஷ்ண விஜயம் பாட்டும் கேட்டேன் ஐயா. நிஜமாகவே நம்ப முடியவில்லை, டி.எம்.எஸ். என்று சொல்லாவிட்டால் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

ஐயா, புத்தகம் மட்டும் யாரும் சொல்லவில்லையே?

---

எழுபத்தெட்டு ஆர்பிஎம்:

கோரஸ் அம்மாவுக்கு முதலில்: மேடைக் கஷ்டம் எனக்கும் தெரியும் அம்மா, நாடகக் கம்பெனியில் ஹார்மோனியம் தூக்கியவன். ஆனாலும் ஆண் பாடகன் சுசீலாவைப் பாடிப் பழக வேண்டும் என்றது, நான் சொன்னதைவிட நல்ல யோசனை. கீபோர்டு நாதஸ்வரத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

புத்தகம் இரண்டு சொல்கிறேன். ஒன்று உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம். தமிழ்ப் பாடம் என்று நினைத்துத் தள்ளாதீர்கள். ஐயர் வீடே சங்கீத வீடு, பெரிய சங்கீத வித்வான் கனம் கிருஷ்ணையர் அவர்களுக்கு உறவு. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இவர் பாட்டுக் கற்கப் போகிறார். இவருடைய தமிழ் ஆசான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிடுகிறார். ஒரு பெரிய மனிதர் மேல் வைத்த பிரியம் எதைக் கொடுக்கும், எதைப் பிடுங்கும் என்பதற்கு அந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். ஐயர் புலம்பவில்லை, நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகிறார். எனக்குத்தான் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும்.

இரண்டாவது தி. ஜானகிராமனின் மோகமுள். எல்லாரும் யமுனாவுக்காகப் படிக்கிறார்கள். நீங்கள் பாட்டு வாத்தியார் ரங்கண்ணாவுக்காகப் படியுங்கள். குரல் பக்குவப்படாமல் மேடை ஏற மாட்டேன் என்று அவர் சிஷ்யன் பாபு பிடிவாதம் பிடிக்கும் இடங்கள் உங்களுக்கு உறைக்கும். ஜானகிராமன் பாட்டுக் கற்றவர், தம்பூராச் சுருதி சேரும் இடத்தை அவர் எழுதினால் காதில் கேட்கும்.

படித்துவிட்டு உடனே குரலை மாற்றுகிறேன் என்று கிளம்ப வேண்டாம். அந்த அப்பா பாட்டை அரைக்கட்டை இறக்கி, கரோக்கே இல்லாமல், எதிரொலி எதுவும் சேர்க்காமல் பதிவு செய்து இங்கே போடுங்கள். எந்த இடத்தில் பாலு வருகிறார் என்று நிமிஷ விநாடியோடு நான் குறித்துத் தருகிறேன். கோரஸ் அம்மாவும் குறிக்கட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாத இடத்தை நீங்கள் மாற்றவே வேண்டாம்.