லா ஸ்ட்ராடா: எந்தப் பதிப்பை வாங்குவது, எந்தக் குரலில் பார்ப்பது?

கேள்வி (கோவையிலிருந்து)

அன்பர்களுக்கு வணக்கம். ஃபெடரிகோ ஃபெலினி 1954-இல் எடுத்த 'லா ஸ்ட்ராடா' படத்தை எங்கள் வீட்டில் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பார்த்து, பிறகு அமர்ந்து பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஊர் ஊராக வண்டியில் போய், மார்பை விரித்துச் சங்கிலியை அறுத்துக் காட்டிப் பிழைக்கும் கழைக்கூத்தாடி சம்பானோ, பத்தாயிரம் லீரா கொடுத்துத் தாயிடமிருந்து அவன் வாங்கி வரும் ஜெல்சொமினா, இவர்களுக்கு நடுவே வந்து சேரும், கம்பிமேல் நடக்கும் 'பித்தன்' என்று மூன்றே பேரை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய துயரத்தைச் சொன்ன வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை. அதனால்தான் அரைகுறையான ஒரு பிரதியில் அதை நண்பர்களுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

என்னிடம் இருப்பது பல ஆண்டுகளுக்கு முன் மலிவாக வாங்கிய ஒரு டிவிடி. அதில் எல்லாரும் ஆங்கிலம் பேசுகிறார்கள். வண்டி நகரும்போதெல்லாம் அதன் பின்னால் ஒரு நிழலுருவம் இழுபட்டுக்கொண்டே வருகிறது. கடைசியில் சம்பானோ இரவுக் கடற்கரையில் விழுந்து அழும் காட்சியில், அழுவது யார் என்றே தெரியாத அளவுக்குத் திரை முழுவதும் கறுப்பாகிவிடுகிறது.

அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு இரட்டை டிவிடி, அதே நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு ப்ளூரே, பிரிட்டனில் 'ஸ்டூடியோகனால்' நிறுவனம் வெளியிட்ட பதிப்பு ஆகியவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவற்றில் எதை வாங்குவது, இத்தாலியக் குரலில் பார்ப்பதா ஆங்கிலத்தில் பார்ப்பதா, இங்குள்ள கருவியில் அது ஓடுமா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (சிங்கப்பூரிலிருந்து)

வணக்கம் ஐயா. நீங்கள் குறிப்பிட்ட 2003 டிவிடியும் 2021 ப்ளூரேயும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தட்டைப் பற்றிச் சொல்கிறேன். நிழலுருவம் இழுபடுவது படத்தின் குறை அன்று. நொடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும், 'பால்' (PAL) என்னும் ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் இருக்கும் பிரதியை, நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள் வேண்டும் அமெரிக்க என்டிஎஸ்சி முறைக்கு அவசரமாக மாற்றும்போது, குறைபடும் சட்டங்களை ஈடுகட்டுவதற்காக அடுத்தடுத்த இரண்டு சட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். அசையாத காட்சிகளில் அது தெரியாது. எதுவும் நகர்ந்தால் உடனே தெரிந்துவிடும். படத்தின் பெயருக்கே 'சாலை' என்பதுதான் பொருள். ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு வண்டியைச் சுற்றிய கதைக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. அந்தத் தட்டை ஒதுக்கிவிடுங்கள்.

2003 டிவிடி அக்காலத்துக்கு நேர்மையான உழைப்பு. நான் இந்தப் படத்தை முதலில் அறிந்ததும் அதன் வழியாகத்தான். ஆனால் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் பொலோஞ்ஞா சினிமாக் காப்பகமும் சேர்ந்து 4கே தரத்தில் மீட்டெடுத்த பிரதியிலிருந்து வந்த ப்ளூரேயை அதற்குப் பக்கத்தில் வைத்தால், வேறுபாடு வெறும் கூர்மையில் மட்டும் இல்லை. ஒளிப்பதிவாளர் ஒத்தெல்லோ மார்த்தெல்லி வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே வைத்திருக்கும் சாம்பல் நிறப் படிகள்தாம் முதலில் கண்ணில் படுகின்றன. குளிர்காலத்து மலைவெளியில், சுவரோரம் உறங்கும் ஜெல்சொமினாவின் அருகே ஊதுகுழலை வைத்துவிட்டுச் சம்பானோ வண்டியைத் தள்ளிக்கொண்டு நழுவிப்போகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். டிவிடியில் பனி ஒரே வெள்ளைப் பரப்பாக இருந்தது. ப்ளூரேயில் பனி வேறாகவும், வானம் வேறாகவும், வெயில் படும் கல் வேறாகவும் தெரிகின்றன. அவள்மேல் வெயில் விழுந்திருக்கிறது என்பதையே நான் இத்தனை ஆண்டுகளாகக் கவனிக்கவில்லை. நீங்கள் சொன்ன இறுதிக் கடற்கரையிலும் அலையின் வெண்கோடும், மணலில் புதையும் கைகளும் தெரிகின்றன. இருட்டு அப்படியே இருட்டாக இருக்க, மனிதன் மட்டும் அதற்குள் தெரிகிறான்.

திரையில் மெல்லிய மணல் தூவியதுபோல் ஒரு துகளாட்டம் இருக்கும். அதைக் கோளாறு என்று எண்ணித் தொலைக்காட்சியின் 'இரைச்சல் நீக்கம்' வசதியைப் போட்டுவிடாதீர்கள். அது ஃபிலிமின் உடம்பு. அதைத் துடைத்தால் முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும். ஜெல்சொமினாவாக நடித்த ஜூலியெத்தா மசீனாவின் முகம் மெழுகானால் இந்தப் படத்தில் பார்ப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும்? அதேபோல் படத்தின் அகல உயர விகிதம் 1.37, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் முறை, இழுத்து நிரப்பக் கூடாது.

மீட்டெடுப்பு 4கே என்றாலும் தட்டு சாதாரண ப்ளூரேதான், 4கே தட்டு அன்று. விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபெலினியின் நூற்றாண்டையொட்டி 2020-இல் கிரைட்டீரியன் வெளியிட்ட 14 படங்களின் தொகுப்புப் பெட்டியிலும் இந்தப் படம் உண்டு. ஊர் சுற்றும் நாடகக் குழுவைப் பற்றி அவர் அல்பெர்த்தோ லத்துவாதாவுடன் சேர்ந்து 1950-இல் எடுத்த முதல் படமும் அதில் இருப்பதால், வசதி இருந்தால் பெட்டியையே பரிந்துரைப்பேன். கோமாளிகளைப் பற்றி 1970-இல் இத்தாலியத் தொலைக்காட்சிக்காக அவர் எடுத்த படம் அதில் இல்லை. அந்த விடுபடல் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

குரலைப் பொறுத்தவரை இத்தாலியமே சரி என்பது என் கருத்து.

மறுமொழி (யாழ்ப்பாணத்திலிருந்து)

வணக்கம். படத்தைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் இசை கற்பிப்பவன் என்பதால், ஒலியைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

ஐரோப்பாவில் வெளியான 'பால்' முறை டிவிடிகளில், நொடிக்கு 24 சட்டங்களாக எடுத்த படத்தை 25 சட்டங்களாக ஓட்டுவது வழக்கம். 108 நிமிடப் படம் 104 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நேரம் குறைவது பெரிதில்லை. தனியே சரிசெய்யாவிட்டால் ஒலியின் சுருதியும் அரைச்சுரத்தில் பத்தில் ஏழு பங்கு ஏறிவிடும் என்பதே பெரிது. இசையமைப்பாளர் நீனோ ரோத்தாவின் அந்த ஒரு மெட்டுத்தான் இந்தப் படத்தின் உயிர். பித்தன் அதைச் சின்னஞ்சிறு வயலினில் வாசிக்கிறான். ஜெல்சொமினா அதை ஊதுகுழலில் கற்றுக்கொள்கிறாள். அவள் மறைந்தபின், துணி உலர்த்தும் ஒரு பெண் அதை முணுமுணுப்பதைக் கேட்டுத்தான் சம்பானோ செய்தியை அறிகிறான். ஒரு மெட்டு கையிலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகும் கதை இது. அந்த மெட்டைத் தவறான சுருதியில் கேட்டுப் பழகிய காதுக்குச் சரியான சுருதி சற்றே தாழ்ந்தும் நிதானமாகவும் ஒலிக்கும். அந்த நிதானத்தில்தான் அதன் துக்கம் இருக்கிறது. நொடிக்கு 24 சட்டங்களாகவே ஓடும் ப்ளூரேயில் இந்தக் குறை இல்லை. ஆகவே, பிரிட்டனிலிருந்து வாங்குவதானாலும் பழைய டிவிடியைத் தவிர்த்து ப்ளூரேயையே வாங்குங்கள்.

குரல் விஷயத்தில் சிங்கப்பூர் நண்பரோடு பணிவுடன் மாறுபடுகிறேன். இந்தப் படத்துக்கு 'அசல் குரல்' என்று ஒன்று இல்லை. அக்கால இத்தாலிய வழக்கப்படி வசனங்கள் எல்லாம் பின்னர் பதிந்து சேர்க்கப்பட்டவை. சம்பானோவாக நடித்த ஆந்தனி குவினும், பித்தனாக நடித்த ரிச்சர்ட் பேஸ்ஹார்ட்டும் அமெரிக்கர்கள். இத்தாலியப் பதிப்பில் சம்பானோவாகப் பேசுபவர் அர்நோல்தோ ஃபோவா, பித்தனாகப் பேசுபவர் ஸ்தெஃபானோ சிபால்தி. ஆங்கிலப் பதிப்பிலோ குவினும் பேஸ்ஹார்ட்டும் தங்கள் குரலிலேயே பேசுகிறார்கள். ஆனால் அங்கே மசீனாவின் குரல் அவருடையது அன்று. எந்தப் பக்கம் போனாலும் மூவரில் குறைந்தது ஒருவரின் குரலை இழக்கிறோம். குவினின் தொண்டையிலிருந்து வரும் அந்தக் கரகரப்பை நடிப்பின் ஒரு பாதியாகவே நான் கருதுகிறேன். கிரைட்டீரியனின் டிவிடி, ப்ளூரே இரண்டிலும் இரு ஒலித்தடங்களும் இருப்பது பெரும் பேறு.

மறுமொழி (சிங்கப்பூரிலிருந்து)

ஐயா சொல்வது நியாயம். 'சரி' என்று ஒரே சொல்லில் நான் முடித்தது பிழை. ஆயினும் என் காரணத்தைச் சொல்கிறேன். கூழாங்கல்லை எடுத்து, இதற்கும் ஒரு பயன் இருக்கத்தான் வேண்டும் என்று பித்தன் ஜெல்சொமினாவிடம் சொல்லும் இரவில், பேசுபவன் அவன் என்றாலும் கேமரா தேடுவது அவள் முகத்தைத்தான். அவள் இடையிடையே எழுப்பும் சிறு ஒலிகளும், தயங்கித் தயங்கி வரும் விடைகளும் மசீனாவின் சொந்தக் குரலில் இருக்கும்போது முகமும் குரலும் ஒன்றாகின்றன. முரசைத் தட்டிக்கொண்டு "சம்பானோ வந்துவிட்டார்" என்று அவள் அறிவிக்கக் கற்றுக்கொள்ளும் இடத்திலும் அப்படித்தான். அவன் பிரம்பால் அடித்தடித்து அந்த ஒரு தொடரைக் கற்பிக்கிறான், அதை வேறொருத்தியின் வாயால் கேட்க என்னால் முடியவில்லை. மூவரில் ஒருவரை இழந்தே ஆக வேண்டும் என்றால், நான் அவளை இழக்க மாட்டேன்.

கேட்டவர் (கோவையிலிருந்து)

இருவருக்கும் மிக்க நன்றி. முழுப் படத்தையும் இத்தாலியத்தில் பார்த்துவிட்டு, பிறகு சம்பானோ குடித்துவிட்டு மதுக்கடையில் சண்டையிடுவது முதல் கடற்கரை வரையிலான பகுதியை மட்டும் ஆங்கிலத்தில் ஒருமுறை போட்டுப் பேசலாம் என்று எண்ணுகிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம். அமெரிக்கத் தட்டு இந்தியக் கருவியில் ஓடுமா? பிற்சேர்க்கைகளில் எதையாவது நண்பர்களுக்குக் காட்டலாமா?

மறுமொழி (யாழ்ப்பாணத்திலிருந்து)

ப்ளூரேக்கு உலகம் மூன்று மண்டலங்கள். அமெரிக்காவும் சிங்கப்பூரும் ஏ, பிரிட்டன் பி, இந்தியாவும் இலங்கையும் சி. ஆகவே அமெரிக்கப் பதிப்பு சிங்கப்பூர் நண்பரின் கருவியில் தடையின்றி ஓடும். சி மண்டலத்துக்கு மட்டுமான கருவியில் அது ஓடாது. டிவிடியின் மண்டலத் தடையைப் பல கருவிகளில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தியே நீக்கிவிடலாம், ப்ளூரேயில் அது அவ்வளவு எளிதன்று. எல்லா மண்டலங்களுக்கும் பொருந்தும் கருவி என்று எழுத்தில் உறுதி தருபவரிடம் வாங்குங்கள். நான் முதல் தட்டை வாங்கி ஆறு மாதம் உறை பிரிக்காமல் வைத்திருந்து, கருவி வந்த பிறகே பார்த்தேன்.

பிற்சேர்க்கைகளில் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசியின் முன்னுரையையும், ஃபெலினி ஆய்வாளர் பீட்டர் பொண்டனெல்லாவின் விளக்கவுரையையும் விட்டுவிடாதீர்கள். 'முன்னுரை' என்று பெயர் இருந்தாலும், கதையை அறியாத நண்பர்கள் வருவதாக இருந்தால் அதைப் படம் முடிந்த பிறகே போடுங்கள். விளக்கவுரை படம் முழுக்க ஓடுவது. அதை நீங்கள் முதல்நாள் தனியே கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டால், பேசும்போது கைகொடுக்கும். துணைத்தலைப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. வேகமாக ஆங்கிலம் வாசிக்க இயலாதவர் யாரேனும் இருந்தால், பித்தன் கூழாங்கல்லைப் பற்றிப் பேசும் பகுதியை மட்டும் முன்கூட்டியே தமிழில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். மற்றவை பெரும்பாலும் பார்த்தே புரியும்.