லாஸ் அண்ட் டேமேஜ்: 'இழப்பீடு' என்று எழுதலாமா?

அனுப்பியவர்: மு. (கோவை)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான காலாண்டிதழ் ஒன்றுக்காக, வனுவாட்டு அரசு காலநிலை விவகாரத்தில் முப்பது ஆண்டுக்கு மேலாக நடத்திவரும் ராஜதந்திரம் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வாழும் பசிபிக் தீவு நாடு அது. ஐ.நா. பொதுச்சபையைத் தன் பக்கம் திருப்பி, ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் 2025 ஜூலையில் தீர்ப்பு வாங்கியது வரைக்கும் எழுதியாகிவிட்டது.

சிக்கல் ஒரே தொடரில்தான். காலநிலை மாற்றத்தால் நேரும் கேடுகளுக்குப் பேச்சுவார்த்தைகளில் வழங்கும் 'லாஸ் அண்ட் டேமேஜ்' பக்கத்துக்கு நாலு இடத்தில் வருகிறது. 'இழப்பு மற்றும் சேதம்' என்று எழுதினால் அரசாணை வாடை அடிக்கிறது. சில செய்திகளில் 'இழப்பீட்டு நிதி' என்று பார்த்தேன். சுருக்கமாக இருக்கிறது, யாருக்கும் விளங்கும், அதையே வைத்துக்கொள்ள நினைக்கிறேன். ஆட்சேபம் உண்டா? ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.

அன்புடன்,
மு.

அனுப்பியவர்: செ. (திருச்சி)

'மற்றும்' தொல்லை வேண்டாமென்றால் 'இழப்புச்சேதம்' என்று ஒட்டிவிடுங்கள். முடிந்தது கதை.

செ.

அனுப்பியவர்: ந. (சென்னை)

மு. தம்பிக்கு,

'இழப்பீடு' வேண்டாம். தூய தமிழ், கலப்புத் தமிழ் என்ற கணக்கில் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் மேசைக்கு வந்துவிடக் கூடாது என்பதில்தான் பணக்கார நாடுகள் இத்தனை வருஷமும் கண்ணும் கருத்துமாக இருந்தன. வனுவாட்டுவைப் பற்றிய கட்டுரையில் அதை எடுத்த எடுப்பிலேயே நீங்கள் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டால், பிறகு அவர்கள் ஏன் ஹேக் வரைக்கும் போனார்கள் என்று படிப்பவர் கேட்பார். அதற்கு உங்கள் கட்டுரையில் பதில் இருக்காது.

1991-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் வாசகம் இன்னும் முடிவாகாத நேரம். சிறுதீவு நாடுகளின் கூட்டணி சார்பில் வனுவாட்டு ஒரு யோசனையை வைத்தது: கடல்மட்டம் உயர்ந்து நிலம் போனால் ஈடுகட்ட ஒரு பன்னாட்டுக் காப்பீட்டு நிதி வேண்டும். தொழில்மய நாடுகள் பணம் போட வேண்டும். யார் எவ்வளவு என்பதை அவரவர் தேசிய வருமானத்தையும் கரியமில வாயு வெளியேற்றத்தையும் வைத்துக் கணக்கிட வேண்டும். அணுவிபத்துகளுக்கான பொறுப்பு ஒப்பந்தத்தைப் பார்த்து அமைத்த திட்டம் அது. 1992 உடன்படிக்கையில் மிஞ்சியது 'காப்பீடு' என்ற சொல் மட்டும்தான். நிதி இல்லை, கணக்கு இல்லை.

'லாஸ் அண்ட் டேமேஜ்' என்ற தொடர் பேச்சுவார்த்தை வாசகத்துக்குள் நுழைந்ததே 2007-இல், பாலியில். 2013-இல் வார்சாவில் அதற்கென ஓர் அமைப்பு வந்தது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் 8-ஆம் பிரிவாகத் தனி இடமே கிடைத்தது. அந்த இடத்துக்குக் கொடுத்த விலை, கூடவே நிறைவேற்றிய முடிவின் 51-ஆம் பத்தியில் இருக்கிறது. 8-ஆம் பிரிவு எந்தச் சட்டப் பொறுப்புக்கும் இழப்பீட்டுக்கும் அடிப்படை ஆகாது என்று அங்கே எழுதி வைத்தார்கள். அதே வருஷம் மார்ச் மாதம்தான் பாம் புயல் வனுவாட்டுவைப் புரட்டிப் போட்டிருந்தது. சேத மதிப்பு நாட்டின் ஓராண்டு உள்நாட்டு உற்பத்தியில் 64 சதவீதம். அப்படிப்பட்ட ஆண்டின் டிசம்பரில் அந்தப் பத்தியை ஏற்க வேண்டியிருந்தது. இந்த ஒப்பந்தத்தில் சேர்வதால் சர்வதேசச் சட்டப்படி எங்களுக்குள்ள உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று நவுரு, துவாலு போன்ற நாடுகள் தனியே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தன.

ஆக, அந்தத் தொடரின் அழகே 'இழப்பீடு' அதில் இல்லை என்பதுதான். ஆங்கிலத்தில் 'டேமேஜ்' என்றால் கேடு. கடைசியில் ஓர் எஸ் சேர்ந்து 'டேமேஜஸ்' ஆனால் கோர்ட்டில் வாங்கும் நட்டஈடு. அந்த எஸ் வராமல் காத்த வக்கீல்கள் எத்தனை பேரோ! பிரெஞ்சு வாசகம் இன்னும் சுவாரசியம். சேதத்துக்குச் சாதாரணமாகச் சொல்லும் 'தொமாஜ்' அங்கே இல்லை. ஒருவருக்கு நேர்ந்த தீங்கு என்ற சட்டச் சாயலுள்ள 'ப்ரெஜுதிஸ்' இருக்கிறது. 1980 வரை பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்ட நாடு வனுவாட்டு. இரண்டு மொழியும் அங்கே ஆட்சிமொழி. இரண்டு வாசகத்தையும் அருகருகே வைத்துப் படிக்கத் தெரிந்த அதிகாரிகள் அவர்களிடம் உண்டு.

நம் ஊர் வழக்கிலேயே இந்த வேறுபாடு கிடக்கிறது. டெல்டாவில் வெள்ளம் வந்து பயிர் மூழ்கினால் வி.ஏ.ஓ. வயலுக்கு வந்து 33 சதவீதத்துக்கு மேல் 'சேதம்' என்று எழுதுவார். அதற்கு அரசு தருவது 'நிவாரணம்'. பிரீமியம் கட்டியவருக்குக் காப்பீட்டு நிறுவனம் தருவது 'இழப்பீடு'. நிவாரணம் கூடக்குறைய இருந்தால் மனு கொடுக்கலாம், இழப்பீடு வராவிட்டால் வழக்குப் போடலாம். எந்த விவசாயியும் இரண்டையும் மாற்றிச் சொல்ல மாட்டார். பணக்கார நாடுகள் நிவாரணம் தரத் தயார். தீவு நாடுகள் கேட்பது இழப்பீடு. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடும்படி நடுவில் கிடைத்த தொடர்தான் உங்களைப் படுத்துகிறது.

இன்னொன்று: ஹேக் கொடுத்தது தீர்ப்பு இல்லை, ஆலோசனைக் கருத்து, அதாவது யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாத சட்ட விளக்கம். மாற்றிவிடுங்கள்.

ந.

அனுப்பியவர்: த. (யாழ்ப்பாணம்)

ந. ஐயாவுக்கு வணக்கம்.

நீங்கள் சொல்வது விளங்குகிறது, ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள ஏலாது. 51-ஆம் பத்தி எழுதியவர்களுக்குக் கட்டுப்பட வேண்டியவர்கள் கையெழுத்திட்ட அரசுகள். தமிழில் எழுதுகிறவருக்கு என்ன கட்டாயம்? 2023-இல் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையொன்றில் அந்நாட்டின் அப்போதைய காலநிலைத் தூதர் ஜான் கெர்ரியிடம் காலநிலைக்காக ஈடு கொடுப்பீர்களா என்று கேட்டபோது எந்தச் சூழ்நிலையிலும் இல்லை என்றார். அவர் மறுத்ததற்காக நாமும் அந்தச் சொல்லைத் தவிர்த்தால், பாதிக்கப்பட்டவர் பக்கத்தை நாமே மழுப்புகிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

எங்கள் நாட்டில் இந்தச் சொல்லுக்குப் பாரமும் அதிகம். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு கதைத்துப் பாருங்கள். இழப்பீடு தந்து வாயை அடைக்கப் பார்க்கிறார்கள், எங்களுக்கு நீதிதான் வேண்டும் என்று சொல்லும் தாய்மார் பலர். ஆகவே அது வெல்ல வேண்டிய சொல் என்று எல்லாரும் நினைக்கவும் இல்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. விஞ்ஞானிகள் குழுவின் அறிக்கைகளில் ஒரு நுட்பம் உண்டு. 'லாஸ் அண்ட் டேமேஜ்' என்று இரண்டு பெரிய எழுத்தோடு எழுதினால் அரசுகள் நடத்தும் பேச்சுவார்த்தை விவகாரம். சிறிய எழுத்தில், பன்மையில் எழுதினால் நிலத்திலும் கடலிலும் உண்மையாகவே நேரும் கேடுகள். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? 'மற்றும்' போட்டாலும் 'உம்' போட்டாலும் இரண்டும் ஒன்றாகிவிடும்.

நாங்கள் பட்ஜெட்டை வரவுசெலவுத் திட்டம் என்கிறோம். வரவும் செலவும் என்றால் கையில் வந்ததும் போனதும். வரவுசெலவு என்று சேர்ந்தால் அது ஒரு தனிப் பொருள், கணக்கு. அதுபோல நேர்ந்த கேடுகளுக்கு 'இழப்பும் சேதமும்', பேச்சுவார்த்தை விவகாரத்துக்கு 'இழப்புசேதம்' என்று பாவிக்கலாம்.

செ. அவர்கள் 'ச்' போட்டிருக்கிறார். உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது. செடிகொடி, தாய்தந்தை, வரவுசெலவு. 'இழப்புச்சேதம்' என்றால் இழப்பால் வந்த சேதம் என்று பொருள் திரும்பிவிடும்.

த.

அனுப்பியவர்: செ. (திருச்சி)

அந்த 'ச்'சை எடுத்துவிடுங்கள், சொல் என்னுடையதுதானே :)

ஆனாலும் சேதம் வடசொல். 'ஊறு' இருக்கிறதே. ந. ஐயா சொன்ன பிரெஞ்சுச் சாயலும் அதில் வரும். இழப்பூறு?

செ.

அனுப்பியவர்: ந. (சென்னை)

'இழப்பூறு' வேண்டாம் செ., ஊறுகாய் ஞாபகம் வருகிறது. நெடுங்காலமாகப் பழகிய சொல்லை வெளியேற்ற எனக்கு மனமில்லை. அழிவு, சிதைவு, கேடு எல்லாம் பார்த்தேன். 'அழிவு' என்றால் மிச்சமில்லை என்றாகிவிடும். பேச்சுவார்த்தை வட்டாரத்தில் ஒரு விளக்கம் வழங்குகிறது: திரும்பக் கிடைக்காதது லாஸ், பழுது பார்க்கக் கூடியது டேமேஜ். கடல் கொண்டுபோன இடுகாடு இழப்பு. கூரை பறந்த பள்ளிக்கூடம் சேதம். தமிழில் இரண்டு சொல்லும் ஏற்கனவே அப்படித்தான் உட்கார்ந்திருக்கின்றன.

த. அவர்களின் வரவுசெலவு யோசனை எனக்கு முழுச் சம்மதம். நான் இவ்வளவு எழுதியும் இது தோன்றவில்லை.

அவர் ஆட்சேபத்துக்கு வருகிறேன். பணக்கார நாடுகளுக்குப் பயந்து 'இழப்பீட்டை' ஒதுக்கச் சொல்லவில்லை. அந்தச் சொல் கட்டுரையின் பின்பாதியில் வேறு வேலைக்கு வேண்டும். 2019-இல் போர்ட் விலாவில் இருக்கும் தென் பசிபிக் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள்தான் ஹேக் யோசனையைத் தொடங்கினார்கள். பேச்சுவார்த்தை மேசையில் ஒவ்வொரு வாசகத்துக்கும் எல்லா நாடும் இசைய வேண்டும், ஒரு பெரிய நாடு முகம் சுளித்தாலே போதும். பொதுச்சபையில் ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு. வனுவாட்டு அரசு அதைப் பிடித்துக்கொண்டது. 2023 மார்ச் முதல் வாரத்தில் ஜூடி, கெவின் என இரண்டு புயல்கள் அடுத்தடுத்து அடித்தன. அதே மாதம் 29-ஆம் தேதி, 130-க்கும் மேற்பட்ட நாடுகள் முன்மொழிய, பொதுச்சபை ஓட்டெடுப்பே இல்லாமல் தீர்மானத்தை ஏற்றது. அந்த எண்ணிக்கை தானாக வந்ததல்ல. முதலில் பசிபிக் அண்டை நாடுகள், பிறகு மற்ற வட்டாரங்களின் நாடுகள் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். கேள்வியில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. யார் குற்றவாளி என்று கேட்கவில்லை, அரசுகளின் கடமை என்ன, மீறினால் சட்ட விளைவு என்ன என்று மட்டும் கேட்டார்கள். மறுத்து ஓட்டுப் போட எவருக்கும் காரணம் கிடைக்கவில்லை. தம்பி, உங்கள் கட்டுரையில் இதற்கு இடம் தாராளமாகக் கொடுங்கள்.

2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னதில் நமக்கு வேண்டிய பகுதி: கடமையை மீறி, அதற்கும் நேர்ந்த கேட்டுக்கும் போதிய காரணத் தொடர்பு நிறுவப்பட்டால், முழு ஈடு செய்ய வேண்டியிருக்கும். அது மூன்று வகை. பழைய நிலைக்கு மீட்டுத் தருவது, பணமாகத் தருவது, தவறை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவிப்பது. இரண்டாவதுதான் இழப்பீடு. 2015-இல் ஒரு வாசலில் மறுக்கப்பட்டதைத் தீவு நாடுகள் பத்து வருஷம் கழித்து வேறு வாசலில் கேட்டு நிற்கிறார்கள். முதல் பத்தியிலேயே அந்தச் சொல்லைச் செலவழித்துவிட்டால் இங்கே எதைப் போடுவீர்கள்?

மூன்றையும் அடக்கும் பொதுச்சொல்லுக்கு 'ஈடுசெய்தல்' போதும். இலங்கையில் 'பரிகாரம்' என்பார்கள் என்று நினைக்கிறேன். இங்கே பரிகாரம் என்றால் திருநள்ளாற்றுக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்கள்.

ந.

அனுப்பியவர்: த. (யாழ்ப்பாணம்)

பரிகாரம் சட்டத் தமிழில் இருக்கிறது ஐயா, ஆனால் அது இன்னும் அகலம். 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதிக்கப்பட்டோருக்கு ஈடுசெய்ய இங்கே அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில், நீங்கள் ஈடுசெய்தல் என்கிற பொதுச்சொல்லுக்கே 'இழப்பீடு' என்றுதான் போட்டிருக்கிறார்கள். எனவே எங்கள் வாசகருக்கு உங்கள் பிரிவு சிறிது இடறும். 'பண இழப்பீடு' என்று ஒருமுறை எழுதிவிட்டால் இரு கரையிலும் சரிவரும்.

ஆங்கிலத்தில் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' எனப்படும் மூன்றாவது வகையை 'மனநிறைவு' என்று நேரடியாகப் பெயர்த்தவரை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அங்கே யாருக்கும் மனம் நிறைவதில்லை. 'பிழையேற்பு' என்று வைத்தால் எப்படி?

த.

அனுப்பியவர்: மு. (கோவை)

எல்லாருக்கும் நன்றி. இப்படி வைத்திருக்கிறேன்:

நேர்ந்த கேடுகளுக்கு இழப்பும் சேதமும். பேச்சுவார்த்தைப் பொருளுக்கு இழப்புசேதம். 2022-இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் நடந்த காலநிலை மாநாட்டில் ஒப்புக்கொண்டு 2023-இல் துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே தொடங்கி வைத்தது இழப்புசேத நிதியம். (நிதி என்றால் பணம், நிதியம் என்றால் அமைப்பு. நாணய நிதியம் போல.) அதன் முழுப்பெயரில் 'எதிர்கொள்ளும்' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. அதுவும் 'ஈடுகட்டும்' என்று வந்துவிடாமல் இருக்கத்தான் என்று இப்போது புரிகிறது. அதை ஒரே ஒரு முறை முழுதாக எழுதிவிட்டுச் சுருக்கிக்கொள்கிறேன். துபாயில் ஜெர்மனியும் ஐக்கிய அரபு அமீரகமும் தலா 10 கோடி டாலர் அறிவித்தபோது அமெரிக்கா சொன்னது 1.75 கோடி. 2025 மார்ச்சில் நிதியத்தின் வாரியத்திலிருந்தே விலகியும்விட்டது. அந்தப் பத்தியில் கட்டாயமில்லாத பணம் என்பதைக் காட்ட 'இழப்பீடு' இல்லாததே வசதியாக இருக்கிறது. த. அவர்களின் ஆட்சேபத்தை அதற்கு அடுத்த பத்தியில் சேர்த்திருக்கிறேன்.

ஹேக் பகுதியில் ஈடுசெய்தல், அதனுள் மீட்டளிப்பு, பண இழப்பீடு, பிழையேற்பு. கடைசிச் சொல்லை ஆசிரியர் ஏற்பாரா தெரியவில்லை, ஒரு வரி விளக்கத்தோடு அனுப்புகிறேன். மெய்ப்புத் திருத்துபவர் இழப்புசேதத்தில் 'ச்' போடாமல் இருக்க ஓரத்தில் செடிகொடி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எழுதும்போது இன்னொன்றும் இடித்தது. வருஷா வருஷம் நடக்கும் ஐ.நா. காலநிலை மாநாடான 'காப்' மாநாட்டைப் 'பங்கேற்பாளர் மாநாடு' என்று எழுதுகிறார்கள். பங்கேற்க யார் வேண்டுமானாலும் போகலாம், முடிவெடுப்பது உடன்படிக்கையின் தரப்பு நாடுகள் மட்டும். 'தரப்பினர் மாநாடு' என்பதே சரி என்று நினைக்கிறேன். தனி இழையாகத் தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

மு.