‘கெட்’ வினைச்சொல்: நானே செய்தேனா, ஆள் வைத்துச் செய்தேனா?

கேள்வி – புதுமாணவன்

அலுவலகத்தில் பிரின்ட்டர் பழுதானது. மெக்கானிக்கை வரவழைத்துச் சரிசெய்துவிட்டு, ‘ஐ ரிப்பேர்ட் த பிரின்ட்டர்’ என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் அவர், “பக்கத்து அறையில் இன்னொன்று கிடக்கிறது, அதையும் கொஞ்சம் பார்த்துவிடுங்களேன்” என்கிறார்!

‘கெட்’ போட்டிருக்க வேண்டும் என்றார் நண்பர். ‘ஐ காட் ரிப்பேர்ட் த பிரின்ட்டர்’ என்று எழுதிக் காட்டினேன், அதுவும் தவறாம். அகராதியைத் திறந்தால் பெறு, ஆகு, போய்ச்சேர், புரிந்துகொள் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. எங்கே பிழை?

திண்ணைவாசி

சொற்கள் சரி, வரிசைதான் தவறு. பழுதான பொருள் நடுவில் வர வேண்டும்: ‘ஐ காட் த பிரின்ட்டர் ரிப்பேர்ட்’.

இந்தக் குழப்பத்தின் வேர் நம் தமிழில் இருக்கிறது. ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்றால் கத்தரி நம் கையில் இருந்ததாக யாரும் நினைப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்றால், கண்ணாடி முன் நின்று நாமே வெட்டிக்கொண்டதாகத்தான் முதலில் தோன்றும். பிறர் வெட்டினால் ‘ஐ காட் மை ஹேர் கட்’. நம் இலக்கணத்தில் ‘செய்தேன்’, ‘செய்வித்தேன்’ என்று தன்வினை, பிறவினை படித்தோமே, கிட்டத்தட்ட அதே வேலையை இங்கே ‘கெட்’ செய்கிறது. ‘செய்வித்தேன்’ என்று இப்போது யார் சொல்கிறார்கள் என்பது வேறு கதை.

பிழைதிருத்தி

‘கெட்’டுக்குப் பதில் ‘ஹேவ்’ போட்டாலும் அதே பொருள்தான், சற்று முறையான தொனி: ‘ஐ ஹேட் த பிரின்ட்டர் ரிப்பேர்ட்’. ஆனால் இங்கே வரிசையை மாற்றினால் ஆபத்து. ‘ஐ ஹேட் ரிப்பேர்ட் த பிரின்ட்டர்’ என்பது இலக்கணப்படி சரியான வாக்கியம். ஆனால் ‘அதற்கு முன்பே நான் பழுதுபார்த்திருந்தேன்’ என்று பொருள் மாறிவிடும். மூன்றாவது பிரின்ட்டரும் உங்கள் மேசைக்கு வந்துசேரும்.

புதுமாணவன்

நன்றி ஐயா. மெக்கானிக்கையும் வாக்கியத்துக்குள் கொண்டுவந்தால்? ‘ஐ காட் த மெக்கானிக் ரிப்பேர் த பிரின்ட்டர்’?

திண்ணைவாசி

‘டு’ விடுபட்டிருக்கிறது: ‘ஐ காட் த மெக்கானிக் டு ரிப்பேர் த பிரின்ட்டர்’. ‘ஹேவ்’ என்றால் ‘டு’ வேண்டாம்: ‘ஐ ஹேட் த மெக்கானிக் ரிப்பேர் இட்’. இதற்குக் காரணம் தேடாதீர்கள், மனப்பாடம் செய்துவிடுங்கள். இன்னொன்று: இப்படி வரும் ‘கெட்’டில் பேசி இணங்கவைத்த சாயல் உண்டு, ‘ஹேவ்’ வெறுமனே வேலையை ஒப்படைப்பது.

சொல்வேட்டை

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். ‘கெட்’ ஆங்கிலத்துக்குப் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து (ஸ்காண்டிநேவியாவில் முற்காலத்தில் பேசிய மொழி) வந்தது; மறப்பதைக் குறிக்கும் ‘ஃபர்கெட்’டுக்குள்ளும் இதன் உறவுச்சொல்தான் ஒளிந்திருக்கிறது. அடைதல் என்பதே ஆதிப்பொருள். ‘கெட் டயர்ட்’ என்பதைக் ‘களைப்படை’ என்று நாமும் அதே வினையால்தானே சொல்கிறோம்?

புதுமாணவன்

இரண்டாவது பிரின்ட்டருக்கு மெக்கானிக் நாளை வருகிறார். மேலாளருக்கு எழுதியிருப்பது: ‘ஐ வில் கெட் இட் ரிப்பேர்ட் டுமாரோ’. சரியா?

பிழைதிருத்தி

சரி. அனுப்பிவிடுங்கள்.