கருனி பேனிக், ஸ்னாப்ஷாட், டம்ப்: தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் பல வருடம் தீராமல் கிடந்த ஒரு வழுவைப் (நிரல் பிழையைப்) பற்றித் தமிழில் ஒரு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். கருனி (கெர்னல், இயங்குதளத்தின் மையப் பகுதி), கோப்பமைப்பு (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை), வழு எல்லாம் நமக்குப் பழகிவிட்டன. ஆனால் இந்த வழுவின் கதை முழுக்க எந்தச் சொற்களைச் சுற்றி நடக்கிறதோ அவற்றுக்குத்தான் நம்மிடம் உறுதியாக ஒன்றும் இல்லை.

வழு இதுதான். யூஎஃப்எஸ் கோப்பமைப்பில் ஸ்னாப்ஷாட் எடுக்கும் வசதி (ஒரு கணத்தில் கோப்பமைப்பு இருந்த நிலையைப் பிடித்துவைப்பது) 2003 ஜனவரியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 5.0 பதிப்பிலேயே உண்டு. காப்பெடுக்கும் டம்ப் நிரலுக்கு -எல் என்று கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் கோப்பமைப்பில் அது முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து நிதானமாகக் காப்பெடுக்கும். 2012 ஜனவரியில் 9.0 வந்தபோது சாஃப்ட் அப்டேட்ஸோடு (வட்டில் எழுதும் வரிசையைப் பேணும் முறை) ஜர்னலும் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவு) சேர்ந்தது, நிறுவும்போதே அது இயங்கும்படியும் வைத்தார்கள். ஸ்னாப்ஷாட்டுக்கும் ஜர்னலுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜர்னல் உள்ள கோப்பமைப்பில் டம்ப் -எல் ஓட்டினால் கணினி உறைந்து நிற்கும், இல்லையென்றால் பேனிக் ஆகும், அதாவது கருனி தானே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பிறகு, இப்படிப்பட்ட கோப்பமைப்பில் ஸ்னாப்ஷாட்டுக்கு இன்னும் ஆதரவில்லை என்று சொல்லிக் கருனியே மறுக்கத் தொடங்கியது. காப்பு வேண்டுமென்றால் ஜர்னலை அணைக்க வேண்டும், ஜர்னல் வேண்டுமென்றால் ஸ்னாப்ஷாட்டை மறக்க வேண்டும். 2023 ஏப்ரலில் 13.2 வந்த பிறகுதான் இரண்டும் சேர்ந்து ஓடின. சரிசெய்தவர் மார்ஷல் கர்க் மெக்குசிக், இந்த ஸ்னாப்ஷாட்டை முதலில் உருவாக்கியவரும் அவரே. பதினோரு வருடம்!

இப்போது சொற்களுக்கு வருகிறேன். ஸ்னாப்ஷாட்டுக்கு 'நொடிப்படம்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கு ஒப்பவில்லை. படம் என்றால் எடுத்ததும் தனிப் பொருளாகிவிடும், அசல் எரிந்து போனாலும் படம் இருக்கும். இது அப்படியா? எடுக்கிற கணத்தில் வட்டில் எழுதும் வேலைகளைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, வட்டின் எந்தெந்தத் தொகுதி (பிளாக்) பயன்பாட்டில் இருக்கிறது என்ற கணக்கை மட்டும் குறித்துக்கொள்கிறது. தரவுத் தொகுதிகளை அப்போது நகலெடுப்பதே இல்லை. அப்புறம் யாராவது ஒரு தொகுதியின் மேல் எழுத வந்தால், அதில் இருந்த பழையதை எடுத்து ஸ்னாப்ஷாட் கோப்புக்குள் வைத்துவிட்டுத்தான் புதியதை எழுத விடுகிறது. ஒரு கோப்பை அழித்தால் அந்த நகல் வேலைகூடக் கிடையாது, அதன் தொகுதிகளை அப்படியே தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறது. வட்டு போனால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும். 'படம்' என்ற சொல்லை வைத்துப் படிக்கிற பையன் இதையே காப்பு என்று நம்பிவிடுவான், அந்த நம்பிக்கைக்கு நாம் கொடுத்த சொல்லே காரணமாகிவிடக் கூடாது. அதனால் 'கணநிலை' என்கிறேன். கணநேரம், கணப்பொழுது எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். கணநிலை எடுத்தல், கணநிலைக் கோப்பு, கணநிலையிலிருந்து மீட்டல் என்று வேற்றுமை உருபுகளோடும் இயல்பாகச் சேர்கிறது.

பேனிக்குக்குப் 'பீதி' என்பது நேர் மொழிபெயர்ப்பு, ஆனால் கருத்து பிழை. யூனிக்ஸுக்கு முந்தைய இயங்குதளமான மல்டிக்ஸில் பிழைகளிலிருந்து மீள்வதற்கென்றே ஏராளமான நிரல் இருந்தது. யூனிக்ஸை எழுதியவர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு, சமாளிக்க முடியாதது எதிரே வந்தால் அழைப்பதற்கு பேனிக் என்று ஒரு செயற்கூறு வைத்தார்கள். கருனி தானே அதை அழைக்கிறது. கணநிலைக் கணக்கில் இருக்கக் கூடாத தொகுதி எண் தென்பட்டால், அந்தத் தவறான கணக்கை வட்டில் எழுதுவதைவிட நின்றுவிடுவது மேல் என்று நிற்கிறது. நிலைகுலைந்து ஓடுவதில்லை. 'தன்னிறுத்தம்' என்று சொல்லலாமா?

மூன்றாவது டம்ப். ஒரே வழு அறிக்கையில் இந்தச் சொல் இரண்டு பொருளில் வருகிறது. காப்பெடுக்கும் நிரலின் பெயரும் டம்ப்தான், கருனி நிற்கும்போது நினைவகத்தில் இருந்ததை வட்டில் எழுதிவைக்கிறதே அதுவும் டம்ப்தான். ஆங்கிலத்தில் படிக்கும்போது நானே இரண்டு முறை குழம்பினேன். தமிழில் அந்தக் குழப்பத்தைச் சுமக்க வேண்டியதில்லை. நிரலின் பெயர் 'டம்ப்' என்றே இருக்கட்டும், மற்றதை 'நினைவகப்படி' என்று சொல்லலாம்.

ஜர்னலுக்குச் சொல் தேடவே வேண்டியிருக்கவில்லை, பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடத்திலேயே கிடைத்தது. நடவடிக்கையை முதலில் குறிப்பேட்டில் பதிவோம், பிறகு பேரேட்டுக்கு எடுத்தெழுதுவோம். கோப்பமைப்பு செய்வதும் ஏறக்குறைய இதேதான். ஆகவே 'குறிப்பேடு'.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

*

அண்ணா, வணக்கம்.

கணநிலையும் குறிப்பேடும் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன, நாளையிலிருந்தே எழுதுவேன். மற்ற இரண்டிலும் எனக்குத் தடை இருக்கிறது.

'நினைவகப்படி' என்று வாசித்ததும் ஒப்பந்தப்படி, சட்டப்படி மாதிரிதான் காதில் விழுந்தது. 'நினைவகப்படி கருனி நின்றது' என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், நினைவகம் சொன்னபடி நின்றது என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். 'நினைவக நகல்' என்றால் என்ன? நகல் தமிழ்ச்சொல் அல்ல என்று சிலர் சொல்வார்கள், ஆனால் தாலுகா அலுவலகம் முதல் ஜெராக்ஸ் கடை வரை அதுதானே புழங்குகிறது.

'தன்னிறுத்தம்' இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. நான் முறைப்படி ஷட்டவுன் கொடுத்தாலும் கடைசியில் கருனி தானாகத்தான் நிற்கிறது. அப்போது அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ரயிலில் அபாயச் சங்கிலி இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கும் இடம் நிலையமாக இருக்காது, ஆனால் நிறுத்தியதற்குக் காரணம் இருக்கும். 'அபாய நிறுத்தம்' என்று சொன்னால் விளக்கமே வேண்டாம்.

இன்னொன்று, உறைந்து நிற்பதையும் அபாய நிறுத்தத்தையும் உங்கள் விளக்கத்தில் தயவுசெய்து பிரித்தே எழுதுங்கள். உறைந்தால் நினைவக நகல் தானாகக் கிடைக்காது, பார்க்கிறவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதே மாறிவிடுகிறது.

*

> 'நினைவகப்படி கருனி நின்றது' என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்

எழுதிப் பார்த்தேன் தம்பி, நீங்கள் சொல்வது சரி. நினைவக நகல் என்றே வைத்துக்கொள்வோம்.

> நிறுத்தியதற்குக் காரணம் இருக்கும்

இதைத்தான் நான் 'தன்' என்ற ஓர் அசைக்குள் அடைக்கப் பார்த்தேன், முடியவில்லை. அபாயச் சங்கிலி நல்ல ஒப்புமை. சங்கிலியை இழுத்தவரைப் பிறகு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், கருனியும் நிற்பதற்கு முன் ஒரு வரி காரணம் எழுதிவிட்டுத்தான் நிற்கிறது. அந்த வரியை 'நிறுத்தக் காரணம்' என்றே எழுதப் போகிறேன். உறைவைத் தனியாகப் பிரித்துவிட்டேன்.

கணநிலைக்காகப் பழையதை எடுத்துவைக்கும் முறைக்கு 'எழுதுமுன் நகல்' என்று வைத்திருக்கிறேன். 'எழுதும்போது நகல்' என்றால் எது முதலில் என்பது போய்விடுகிறது, இந்த வழுவில் முக்கியமே அந்த முன்பின்தான். ஜர்னலைக் கொண்டு கோப்பமைப்பை மீட்கும்போது சரிபார்ப்பு நிரலும் தொகுதிகளை விடுவிக்கிறது, மேலெழுதுகிறது. கருனி கணநிலைக்காகக் காட்டும் அதே கவனத்தை அதுவும் காட்ட வேண்டும். மெக்குசிக் அந்தச் சரிபார்ப்பு நிரலுக்குள்ளும் எழுதுமுன் நகலைக் கொண்டுவந்தார்.

இப்போது என் முதல் வாக்கியம் இப்படி இருக்கிறது: 'குறிப்பேடுள்ள கோப்பமைப்பில் டம்ப் நிரல் கணநிலை எடுக்க முயலும்போது கருனி உறைகிறது அல்லது அபாய நிறுத்தத்துக்குப் போகிறது, நிறுத்தமென்றால் நிறுத்தக் காரணத்தையும் நினைவக நகலையும் இணைக்கவும்.' வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், எங்கும் தடுக்கவில்லை.

சாஃப்ட் அப்டேட்ஸ் இன்னும் பாக்கி. 'மென்புதுப்பிப்பு' என்று யாரும் எழுதிவிட வேண்டாம், அது வட்டில் எழுதும் வேலைகளின் வரிசையைப் பேணும் முறை, மென்மைக்கு அங்கே வேலையில்லை. நாளைக்குத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.