சினைப்பசுவுக்குக் கடைசி மாதங்களில் தீனியைக் குறைக்கலாமா?

கேள்வி (வெள்ளவத்தை):
வணக்கம். அவிசாவளைப் பக்கம் எங்கள் குடும்பத்துத் தென்னங்காணியில், இறைச்சிக்காக வளர்க்கும் பிராமன் கலப்புப் பசுக்கள் சில நிற்கின்றன. சென்ற ஈற்றில் இரண்டு கன்றுகள் பிறந்து நெடுநேரமாகியும் எழுந்து மடியைத் தேடவில்லை. மற்றவை நன்றாகத் தின்றும் முந்திய ஈற்றுக் கன்றுகளின் எடைக்கு வரவில்லை. அவை வயிற்றில் இருந்தபோது தாய்மாடுகள் பல வாரம் வெறும் வைக்கோலில்தான் நின்றன. இம்முறை பசுக்களுக்கு ஏழாம் மாதம். தீனியைக் குறைக்காவிட்டால் கன்று பெருத்து, ஈனும்போது சிக்கிவிடும் என்று காணியைப் பார்ப்பவர் சொல்கிறார். குறைப்பதா, கூட்டுவதா?

மறுமொழி (கால்நடை வைத்தியர், தெகிவளை):
குறைக்க வேண்டாம். ஏறத்தாழ 283 நாள் சினைக்காலத்தில், கருவின் எடையில் முக்கால் பங்கு கடைசி மூன்று மாதங்களில்தான் ஏறுகிறது. அப்போது தீனியைக் குறைத்தால் கன்று சற்று இளைக்கலாம்; ஆனால் ஈற்றுச் சிக்கல் அதனால் குறையும் என்று நம்ப முடியாது. தாய்க்கு முக்குவதற்குப் பலமிராது, ஈன்றதும் சுரக்கும் முதற்பாலான கடும்புப்பாலின் தரம் குறையும், மீண்டும் சினைப்பருவத்துக்கு வருவதும் பிந்தும். சிக்கல் பெரும்பாலும் முதல் ஈற்று நாகுகளுக்கே வரும். அதைப் பொலிகாளையைத் தெரிவு செய்யும்போதே தடுக்க வேண்டும். மிதமிஞ்சிக் கொழுத்த பசுவும் ஈன்றெடுக்கத் திணறும் என்பதால், காணியைப் பார்ப்பவரின் அச்சத்தில் சிறிது நியாயம் இருக்கிறது.

எடை ஏறாததற்கு வேறு காரணத்தையும் எண்ண வேண்டும். இறைச்சியாகும் தசைநார்களின் எண்ணிக்கை, பெரும்பாலும் சினையின் நடுமாதங்களில் அமைந்து, பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது; பிறந்த பின் நார் பருக்குமே தவிர எண்ணிக்கை கூடாது. சத்துத் தட்டுப்பட்டால் மூளையும் இதயமும் முந்திக்கொள்ள, தசை பின்தள்ளப்படுகிறது. அந்த வைக்கோல் வாரங்கள் நடுமாதங்களில் விழுந்திருந்தால், குறை பிற்பாடு எவ்வளவு ஊட்டினாலும் முழுதாகத் தீராது. மாடுகளின் விலா தெரிகிறதா?

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. சிலவற்றுக்கு விலாவும் முதுகெலும்பும் துருத்தித் தெரிகின்றன. தவிடு கைவசம் உண்டு, அது போதுமா?

மறுமொழி (மாடு வளர்ப்பவர், ஹன்வெல்ல):
வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்குதான். 7 பங்குக்குக் கீழே போனால் இரைப்பையின் நுண்ணுயிர்கள் சோர்ந்து, தின்ற வைக்கோலும் சரியாகச் செரிக்காது. ஆகவே முதலில் புரதத்தைக் கூட்டுங்கள். தேங்காய்ப் புண்ணாக்கில் ஏறத்தாழ 20 பங்கு புரதம் உண்டு. வேலியில் நிற்கும் கிளிரிசிடியா அதற்குக் குறைந்ததன்று, காசும் இல்லை. முதலில் அதன் மணத்துக்கு மாடு முகத்தைத் திருப்பும். வெட்டி ஒரு நாள் வாட விட்டுப் புல்லோடு கலந்து வைத்தால், சில நாளில் பழகிவிடும்.

மறுமொழி (கால்நடை வைத்தியர், தெகிவளை):
அவர் சொல்வது சரி. தவிட்டில் பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. அதை மட்டும் நம்பாமல் தாதுக் கலவையும் வையுங்கள். மிக மெலிந்ததற்கு ஒன்று, மிகக் கொழுத்ததற்கு ஒன்பது என்று இடும் உடல்நிலைப் புள்ளியில், ஈனும்போது பசு ஐந்துக்குக் குறையாதிருப்பது நல்லது. கடைசி ஓரிரு விலா மட்டும் தெரிவது ஏறத்தாழ ஐந்து. மெலிந்த மாடுகளையும் நாகுகளையும் தனியே கட்டித் தீனி வையுங்கள், இல்லாவிட்டால் பலமுள்ளவை தள்ளிவிட்டுத் தின்றுவிடும். கன்று எழும்பாவிட்டால் காத்திராமல் கடும்புப்பாலைக் கறந்து, முதல் ஆறு மணி நேரத்துக்குள் போத்தலில் புகட்டுங்கள். ஒரு நாள் கடந்தால் அதிலுள்ள எதிர்ப்புச் சத்தைக் கன்றின் குடல் உறிஞ்சாது.