மகளின் பெயரில் உள்ள ழ-வை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகள் பிறந்து மூன்று கிழமை. பெயர் யாழினி என்று முடிவு செய்துவிட்டோம், அதில் சண்டை இல்லை. பதிவு செய்யப் போகுமுன் ஆங்கில எழுத்துத்தான் தலையிடி.

இந்தியாவில் கனிமொழிக்குப் போடுவதுபோல இசட் எச் போடச் சொல்கிறார் மனைவி. அதைத் தமிழ் தெரியாதவர் 'யாஸினி' என்றுதான் வாசிப்பார். நம் ஆட்கள் யாழ் என்பதை ஆர் எல் போட்டு எழுதுவதும் உண்டு. ஆனால் லண்டன்காரர் அந்த இடத்து ஆர்-ஐ உச்சரிப்பதில்லை, 'யாலினி' என்றே வரும். அப்படியென்றால் வெறும் எல் போதாதா? கொழும்பில் ழ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் எல்தானே இருக்கிறது!

என் தம்பிக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்டில் இன்னொன்று. விசாவுக்கு சத்தியக்கடதாசி முடித்து அலைந்த அலைச்சல் போதும்.

பெயரில் ழ உள்ளவர்கள், அல்லது பிள்ளைக்கு அப்படி வைத்தவர்கள் சொல்லுங்கள்: எதைப் போட்டீர்கள்? பள்ளிக்கூடத்தில், வெளிநாட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? பிறகு மாற்ற வேண்டி வந்ததா? அடுத்த கிழமை பதிவுக்குப் போகிறோம். பெயரை மாற்றச் சொல்லி மட்டும் யாரும் எழுதாதீர்கள், அம்மம்மா வைத்த பெயர்.