பாஸ்போ-பி38 ஆன்டிபாடி: மருந்து போடாத செல்லிலும் பேண்ட் வருகிறது

கேள்வி:
வெஸ்டர்ன் பிளாட்டில் பாஸ்போ-பி38 பார்க்கிறேன் (பி38 என்பது செல்லுக்கு ஸ்ட்ரெஸ் வந்தால் விழிக்கும் கைனேஸ் என்சைம்; பாஸ்பேட் ஏறியதுதான் பாஸ்போ-பி38). ஹீலா செல்கள். அனிசோமைசின் (பி38-ஐத் தூண்டும் மருந்து) மில்லிக்கு 10 மைக்ரோகிராம், 30 நிமிடம். டிரிப்சின் போட்டு எடுத்து ஆர்ஐபிஏ பஃபரில் லைசிஸ் (செல்லைக் கரைத்தல்), மெம்ப்ரேனைப் பாலில் பிளாக். கன்ட்ரோல் குழியிலும் பாஸ்போ-பி38 பேண்ட் நன்றாகவே தெரிகிறது. பி38 தடுப்பான் எஸ்பி203580 (SB203580, 10 மைக்ரோமோலார்) முன்கூட்டியே கொடுத்தும் குறையவில்லை. ஆன்டிபாடியை மாற்றணுமா?

பதில் 1:
ஆன்டிபாடி மேல் பழி போடுவதற்கு முன் டிரிப்சினை விடுங்கள். பிரித்தெடுப்பது, சுற்றுவது, புது மீடியம் ஊற்றுவது எல்லாமே செல்லுக்கு ஸ்ட்ரெஸ்தான். சில நிமிடத்தில் பி38 விழித்துக்கொள்ளும். முந்தின நாளே செல்லைப் போட்டுவிட்டு, பழைய மீடியத்திலேயே மருந்தைச் சேருங்கள். கன்ட்ரோலுக்கு அதே அளவு டிஎம்எஸ்ஓ. நேரம் முடிந்ததும் மீடியத்தை உறிஞ்சிவிட்டு, 6-குழித் தட்டில் குழிக்கு 100 மைக்ரோலிட்டர் சூடான எஸ்டிஎஸ் சாம்பிள் பஃபரை நேரடியாக ஊற்றிச் சுரண்டுங்கள். டிஎன்ஏ கோந்து மாதிரி இழுக்கும். சோனிகேட் செய்தால் சரியாகும். ஆர்ஐபிஏதான் வேண்டுமென்றால், பாஸ்பேட்டைக் கழற்றும் என்சைம்களைத் தடுக்க சோடியம் ஃபுளோரைடு 10, ஆர்த்தோவனடேட் 1, பீட்டா-கிளிசரோபாஸ்பேட் 20 மில்லிமோலார் கட்டாயம். வனடேட்டை பிஹெச் 10-இல் நிறம் போகும்வரை காய்ச்சியிருக்க வேண்டும். ஈடிடிஏ, டிடிடி இரண்டுமே அதைச் செயலிழக்க வைக்கும்.

பதில் 2:
எஸ்பி203580 விஷயத்தில் உங்கள் பிளாட் சரியாகத்தான் இருக்கிறது. அந்த மருந்து ஏடிபி உட்காரும் இடத்தை அடைத்து பி38-இன் வேலையைத் தடுக்கிறது. திரியோனின் 180, டைரோசின் 182 இரண்டிலும் பாஸ்பேட் ஏற்றுவது அதற்கு மேலுள்ள கைனேஸ்களான எம்கேகே3, எம்கேகே6. அவை வழக்கம்போல ஏற்றிக்கொண்டுதான் இருக்கும். மருந்து பிடித்ததா என்று பார்க்க, பி38-க்குக் கீழே வரும் எம்கே2 (திரியோனின் 334) அல்லது ஹெச்எஸ்பி27 (செரின் 82) பாஸ்போ ஆன்டிபாடி போடுங்கள். குறைய வேண்டியது அங்கேதான்.

பதில் 3:
பாலில் கேசீன் இருக்கிறது, அதுவே பாஸ்போபுரோட்டீன், பின்னணி ஏறலாம். அதற்குப் பதில் டிபிஎஸ்டி பஃபரில் 5% பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்), பிரைமரி 1:1000, 4 டிகிரியில் இரவு முழுக்க. லோடிங் கன்ட்ரோலுக்கு (எல்லா லேனிலும் புரோட்டீன் சமமா என்று பார்க்க) ஆக்டின் வேண்டாம்: 42 கிலோடால்டன், பி38-ஐ ஒட்டியே ஓடும். வின்குலின் நல்லது. மொத்த பி38-க்கு ஸ்ட்ரிப் செய்யாமல் (முதல் ஆன்டிபாடியைக் கழுவி அதே மெம்ப்ரேனை மறுபடி பயன்படுத்தாமல்) அதே சாம்பிளை இரண்டு ஜெல்லில் ஓட்டுங்கள், முதல் ஆன்டிபாடி மிச்சமிருக்கிறதா என்ற சந்தேகமே வராது. பேண்ட் உண்மையிலேயே பாஸ்பேட்டால் வருவதா என்பதை, பாஸ்பேட்டைக் கழற்றும் லாம்டா பாஸ்படேஸ் என்சைம் காட்டிக்கொடுக்கும்.

கேட்டவர்:
கைவசமுள்ள ஆர்ஐபிஏ லைசேட்டிலேயே லாம்டா போடலாமா?

பதில் 3:
கூடாது. அதிலுள்ள வனடேட்டும் ஈடிடிஏவும் லாம்டாவையும் முடக்கிவிடும். இவை இல்லாத லைசேட் தனியாக எடுத்து, 1 மில்லிமோலார் மாங்கனீசு குளோரைடுடன் 30 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். பக்கத்து லேனுக்கு என்சைம் போடாத அதே லைசேட்டை அதே 30 டிகிரியில் அதே நேரம் வைத்து ஏற்றுங்கள்.